இரவல் பிள்ளையும் மூன்று கைத் தண்ணீரும்

சோழபுரத்துத் தனுஷ்கோடி கிணற்றில் இறங்கப் போகிறான் என்று தெரிந்தால், பக்கத்து ஊர்ப் பெண்கள் கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவார்கள். சோறு நாளைக்கும் வேகும், தனுஷ்கோடி நாளைக்கு இறங்குவானா?

அவன் தீயணைப்புப் படை வீரன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டோரம், ஒற்றை வண்டியோடு ஒரு சின்ன நிலையம் அப்போது இருந்தது. அதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையத்து ஸ்டேஷன் என்பார்கள். ராஜபாளையத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் என்பார்கள். எங்காவது பஞ்சு குடோன் பற்றிக்கொண்டால் மட்டும் இரண்டு ஊருக்கும் அது 'நம்ம ஸ்டேஷன்' ஆகிவிடும்.

தீயணைப்பு என்பது பெயர்ப்பலகையோடு சரி. பஞ்சு கோடையில்தான் எரியும். கிணறோ வருஷம் பூராவும் திறந்தே கிடக்கும். ஆடு விழும், மாடு விழும், மனுஷனும் விழுவான். எது விழுந்தாலும் கயிறும் பாதாளக்கரண்டியும் ஏற்றிக்கொண்டு மணியடித்தபடி வண்டி போகும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன் தனுஷ்கோடி. செத்துப்போய் ஊறிக் கிடந்தவர்களை எல்லாம் கட்டி மேலே அனுப்பிவிட்டு, கடைசியில் அவன் ஏறி வருவான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவான். ஊர்க்காரர்கள் கொண்டுவந்து நீட்டுகிற டீயையும் முறுக்கையும் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து தின்பான்.

"பாத்தியாலே, கை நடுங்குதா பாரு! இதுல்லா நெஞ்சு!" என்று கூட்டம் வாய் பிளக்கும்.

பசிக்காகத் தின்கிறோமா, பார்க்கிறார்களே என்பதற்காகத் தின்கிறோமா என்று தனுஷ்கோடி யோசித்தது கிடையாது. முறுக்கு கடிக்கிற சத்தத்தில் யோசனை கேட்காது.

அந்த முறுக்கு தொண்டையில் நின்றது எண்பத்தேழாம் வருஷத்துச் சித்திரையில். பிளவக்கல் பக்கம் ஒரு மாந்தோப்புக் கிணறு. தோப்புக் காவல்காரர் தவறி விழுந்து இரண்டு நாளாகிவிட்டது. கீழே இருட்டில் தனுஷ்கோடி அவர் மார்பைச் சுற்றிக் கயிறு கட்டி, இழுங்கள் என்று குரல் கொடுத்தான். மேலே இழுத்தார்கள். உடம்பு எழும்பித் திரும்பியதில் செத்தவரின் கை வந்து தனுஷ்கோடியின் தோளில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் பழைய சிநேகிதன் பின்னாலிருந்து வந்து, 'என்ன மாப்ளே, பாத்து நாளாச்சு' என்று கை போடுவானே, அப்படி விழுந்தது.

அவன் மேலே வந்தான். கை கழுவினான். டீ குடித்தான். முறுக்குத் தின்றான். ஊர் வாய் பிளந்தது. அன்று ராத்திரியிலிருந்து அவன் கண் மூடவில்லை.

வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு இறைத்தான். அவன் கழுத்தில் துண்டைப் போர்த்திவிட்ட நாவிதர் தலையைச் சாய்ப்பதற்காகத் தோளைத் தொட்டார். தனுஷ்கோடி அலறிக்கொண்டு நாற்காலியிலிருந்து குதித்ததில் மீசையின் இடது பாதி போயிற்று. மீதிப் பாதியையும் எடுத்துவிட்டு, "டில்லியிலருந்து ஆர்டர் வந்துருக்கு, மீசை கூடாதாம்" என்று சொல்லிச் சமாளித்தான்.

மீசை வளர்ந்துவிடும். அடுத்த அழைப்பு வந்தால்? மணி அடித்து, வண்டி போய், கூட்டம் 'தனுஷ்கோடி வந்துட்டான்' என்று வழிவிட்டு, இவன் கிணற்று வாயில் நின்று கால் எழும்பாமல் போனால்? அந்த வட்டாரத்தில் ஒருத்தரும் கிணற்றில் விழக்கூடாது என்று அவன் வேண்டிக்கொண்ட மாதிரி, பிள்ளைகுட்டிக்காரிகள்கூட வேண்டியிருக்க மாட்டார்கள்.

யாரிடம் சொல்வது? நிலைய அதிகாரி ஐயாதுரையிடம் சொல்ல முடியாது. தினமும் காலை அணிவகுப்பில் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு அவர் முழங்குவார்: "என் ஸ்டேஷன்ல தீ உண்டு, தண்ணி உண்டு. பயம்ங்கிறது கெடையாது!" முன்னொரு தடவை ஒருத்தன் தூக்கம் வரவில்லை என்று அவரிடம் போய்ச் சொன்னான். தீயணைப்புக் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடு, தூக்கம் தானாக வரும் என்றார். அன்றிலிருந்து ஸ்டேஷனில் அத்தனை பேருக்கும் அருமையான தூக்கம். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொன்னார்கள்.

கடைசியில் அவன் பெண்டாட்டி பரிபூரணம்தான் வாயைத் திறந்தாள்.

"சண்முகத்தாய்ட்ட போயி மூஞ்சில தண்ணி அடிச்சுட்டு வாங்களேன். இது பயந்த கோளாறு."

"ஏட்டி, யாருக்கு? எனக்கா? பயந்த கோளாறா? நான் யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாமயா? பொறவு எதுக்கு ஆகாசத்தப் பாத்துத் தண்ணி எறைக்கிய? மழை வருதான்னா?"



சண்முகத்தாய் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங் பகுதியில் வேலை பார்க்கிறவள். பகல் ஷிஃப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் வீட்டு வாசலில் செம்பும் வேப்பிலையுமாக உட்காருவாள். நாயைப் பார்த்துப் பயந்த பிள்ளை, இடிச் சத்தத்தில் பயந்த பிள்ளை என்று தெருமுனை வரைக்கும் வரிசை நிற்கும். அவளுக்கு ஒரே சட்டம். பிள்ளையைத் தூக்கி வந்தவர், அது எதைப் பார்த்துப் பயந்தது என்று எல்லார் காதிலும் விழும்படி வாயால் சொல்ல வேண்டும். சொன்னதும், எதிர்பாராத நேரம் பார்த்து மூன்று கைத் தண்ணீரைச் சுள்ளென்று முகத்தில் அடிப்பாள். "மறைச்சா தண்ணி தங்காது" என்பாள். காசு வாங்க மாட்டாள். வசவும் இலவசம்.

ஆனால் அது பிள்ளைகளுக்கான வரிசை. முழுத்த ஆம்பிளை, அதுவும் கிணற்றுச் சிங்கம், அங்கே போய்த் தனியாக நிற்க முடியுமா? கையில் ஒரு பிள்ளை வேண்டும். அவனுடைய ஒரே மகன் ஒன்பதாம் வகுப்பு, அரும்பு மீசைக்காரன். அவனை இடுப்பில் தூக்கிப் போனால் யார் யாரைத் தூக்கி வந்தது என்ற குழப்பம் வரும்.

ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ஞானபாக்கியத்துக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, அருள்செல்வி. வேலையில்லாத ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனுஷ்கோடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றான்.

"ஞானபாக்கியம், பிள்ளையச் செத்த நேரம் குடு. முட்டாயி வாங்கிக் குடுத்துக் கூட்டியாரேன்."

"ஒங்க ஸ்டேஷன்ல எல்லா மாமன்மாருக்கும் எம்பிள்ள மேல இம்புட்டுப் பாசம் எங்கருந்துதான் வந்துச்சோ!" என்று ஞானபாக்கியம் பிள்ளையை எடுத்துக் கொடுத்தாள். "ஆனா போகையில காஞ்சு போறா, வாரையில நனைஞ்சு வாரா. மூக்கு ஒழுகுதது நிக்கல. என்னண்ணே, முட்டாயக் கரைச்சா குடுக்கிய?"

"தண்ணி வண்டிப் பக்கம் நின்னா நாலு சொட்டு தெறிக்கத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். அவள் சொன்னது அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை.

சண்முகத்தாய் வீட்டு வாசலில் அழுகைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. அருள்செல்வி மட்டும் அழவில்லை. தங்கள் முறை வந்ததும் கண்ணிரண்டையும் இறுக்கி மூடி, முகத்தை முன்னால் நீட்டி, தயாராக நின்றாள்.

சண்முகத்தாய் செம்பைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றினாள்.

"வா தாயி! ஒனக்கு எத்தன அப்பன்மாருட்டி? அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"மாமன்."

"சரி, மாமன். போன செவ்வாய்க்கெழம வந்த மாமன், பஞ்சு குடோன்ல வாச்சுமேன் கருகிக் கெடந்ததப் பிள்ள பாத்துட்டுன்னாவ. அதுக்கு முந்தி வந்த மாமன், பஸ்சும் லாரியும் மோதி ரோடு பூரா ரத்தமாக் கெடந்ததப் பாத்துட்டுன்னாவ. ரெண்டு வயசுல இந்தப் பிள்ள பாக்காதது சண்டை யுத்தம் ஒண்ணுதான் போலுக்கு. நீங்க சொல்லுங்க. எதப் பாத்துப் பயந்துச்சு?"

வரிசை மொத்தமும் அழுகையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டியது.

"கிணறு" என்றான் தனுஷ்கோடி.

"கிணத்துல என்ன?"

"பிள்ள கிணத்துக்குள்ள எறங்கி, கயித்தக் கட்டி..."

"ரெண்டு வயசுப் பிள்ளையா?"

யாரோ ஒரு பெண் கிளுக்கென்று சிரித்தாள். தனுஷ்கோடிக்கு முகம் சுண்டியது. "எட்டிப் பாத்துச்சு. தவளையப் பாத்துப் பயந்துட்டு" என்று முடித்தான்.

தண்ணீர் வந்து விழுந்தது. முக்கால்வாசி பிள்ளைக்கு, கால்வாசி மாமனுக்கு. சண்முகத்தாய் செம்பைக் கவிழ்த்து உதறினாள்.

"தங்காது அண்ணாச்சி. மறைச்சுட்டிய. தவளைக்கு யாரும் மீசைய எடுக்க மாட்டாவ."

இறங்கிப் போகத் திரும்பியவன் நின்று கேட்டான். "முந்தி வந்தாவளே, அவிய ஆளு எப்படி?"

"ஒருத்தர் மேல டீசல் வாடை. இன்னொருத்தர், நான் மாரியாத்தா பேரச் சொல்லித் தண்ணி அடிச்சதும் ஆமென்னாவ. அதுக்கும் முந்தி ஒருத்தர் துண்டால மொகத்த மூடிட்டு வந்தாவ, ஆளு தெரியல."

டீசல் வாடை டிரைவர் ரத்தினம். ஆமென் என்றவன் தேவநேசன், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவன். திரும்பும் வழியெல்லாம் தனுஷ்கோடி சைக்கிள் மிதிக்க முடியாமல் சிரித்தான். ஒரு புளிய மரத்தடியில் இறங்கி நின்று சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்தக் குடோனில் அவனும் இருந்தான். அந்த பஸ் விபத்தில் அவனும் இருந்தான். விபத்து நடந்த அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். ரத்தினம் அன்றைக்கு ஜெயித்துக்கூட இருந்தான். 'எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னானா பாரு' என்று கோபம் வந்தது. தான் சொன்னோமா என்ற கேள்வி பின்னாலேயே வந்ததால் கோபம் ரொம்ப தூரம் போகவில்லை.

மறுநாள் காலை அணிவகுப்பு முடிந்து எல்லாரும் டீக்கடையில் நின்றார்கள். அருள்செல்வி தட்டுத்தடுமாறி வெளியே வந்தாள். முதலில் ரத்தினத்தைப் பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடி முகத்தை நீட்டினாள். ரத்தினம் அவசரமாகப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த தேர்தல் நோட்டீசைப் படிக்க ஆரம்பித்தான். அடுத்து தேவநேசனைப் பார்த்தாள். கண்ணை மூடினாள், நீட்டினாள். தேவநேசனுக்கு இருமல் வந்தது. தனுஷ்கோடி தானாகவே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஐயாதுரை டீ குடிக்க வந்தார். விறைப்பாக, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு. அருள்செல்வி அவரையும் அண்ணாந்து பார்த்தாள். கண்ணை மூடினாள். முகத்தை நீட்டினாள். ஐயாதுரையின் வலது கை, அவரைக் கேட்காமலே எழும்பி, தெறிக்கப் போகிற தண்ணீரிலிருந்து அவருடைய சொந்த முகத்தை மறைத்தது.



"சார், நீங்களுமா எம்பிள்ளைக்கு முட்டாயி வாங்கிக் குடுத்திய?" என்று ஞானபாக்கியம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

"பிள்ளைக்குக் கண்ணுல தூசி விழுந்திருக்கு. கவனிங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஐயாதுரை டீ குடிக்காமலே போய்விட்டார்.

எல்லாரும் டம்ளரை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்வது அந்த வேலையில் முதல் பயிற்சி. தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வது யாரும் சொல்லித்தராமலே வந்துவிடுகிற பயிற்சி. ஆனால் அன்று ராத்திரி ஸ்டேஷனில் ரத்தினம் தன் கட்டிலை இழுத்து வந்து தனுஷ்கோடியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டான். கேட்டதற்கு, "அந்தப் பக்கம் கொசு" என்றான். அடுத்த நாள் தேவநேசனும் கொசுவுக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தான்.

மணி அடித்தது அதற்கடுத்த வாரம். தனுஷ்கோடி வேண்டிய சாமிகளுக்கெல்லாம் காது மந்தம் போலும். கிணறு இருந்தது சோழபுரத்தில், அவன் சொந்த ஊரில்.

சௌந்தரபாண்டியன் என்கிற தோட்டத்துச் சம்சாரி, குழாயின் அடிமுனையில் இருக்கிற மோட்டார் ஃபுட்வால்வைப் பார்க்க இறங்கியவர், கயிறு அறுந்து பாதிக் கிணற்றில் குழாயைக் கட்டிப்பிடித்தபடி தொங்கினார். கால் வைக்க, குழாயைச் சுவரோடு பிடித்திருந்த ஒரு இரும்புக் கிளாம்பு. அவ்வளவுதான். குரல் மட்டும் திடமாக இருந்தது.

"ஏலே, மேல நின்னு என்னத்தலே பேசுதிய! கை விட்டுப்போகுதுலே!"

கூட்டம் வழிவிட்டது. "நம்ம தனுஷ்கோடி வந்துட்டான்! இனி ஒண்ணும் கவலயில்ல." ஒருவர் முறுக்குப் பொட்டலத்தோடேயே தயாராக நின்றார். தேவநேசன் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டினான். தனுஷ்கோடி கிணற்று வாயில் போய் நின்றான். கீழே பார்த்தான். இருட்டு. தோள் குறுகுறுத்தது. கால் மண்ணில் நட்ட கல்லாக நின்றது.

"எறங்குப்பா" என்றார் ஐயாதுரை.

"சார்." தனுஷ்கோடி சத்தம் வராமல் சொன்னான். "என்னால ஏலாது சார்."

முறுக்குக்காரரின் கை தாழ்ந்தது. "என்னவாம்? என்ன சொல்லுதான்?" என்று கூட்டத்தில் சலசலப்பு. வேறு யாரையாவது இறக்கலாமா என்று ஐயாதுரை திரும்பிப் பார்த்தார். ரத்தினம் முகத்தையும் தேவநேசன் முகத்தையும் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். நாலு பேருக்கும் நாலு பேரையும் தெரியும்.

ஐயாதுரை தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார். பக்கத்தில் ஒருத்தி வைத்திருந்த குடத்திலிருந்து அதில் தண்ணீரைச் சரித்தார். தனுஷ்கோடிக்கு எதிரே வந்து நின்றார். அவருக்கு வாய்த்தது ஒரே குரல், அணிவகுப்புக் குரல்.

"எதப் பாத்துப் பயந்துச்சு?"

தனுஷ்கோடி அவரையே பார்த்தான். பரேடு மைதானம் வரைக்கும் கேட்கிற குரலில் மறுபடியும் கேட்டார்: "சொல்லு! எதப் பாத்துப் பயந்துச்சு?"

"செத்தவர் கை சார். பிளவக்கல் கிணத்துல. எந்தோள்ல விழுந்துச்சு."

"பொறவு?"

"சும்மா விழல சார். சிநேகிதக்காரன் போடுத மாதிரி. நானும் எடுத்துவிடாம செத்த நேரம் அப்படியே நின்னுட்டேன்."

"பொறவு?"

"மேல வந்து முறுக்குத் தின்னேன் சார்." தனுஷ்கோடி முறுக்குக்காரரின் பொட்டலத்தைப் பார்த்தான். "அவரக் கெடத்தியிருக்கு, நான் பக்கத்துல உக்காந்து முறுக்குத் தின்னேன்."

சுள்ளென்று விழுந்தது தண்ணீர். ஒரு கை. இரண்டு. மூன்று. "ஆமென்" என்றான் தேவநேசன், வாய்க்குள்ளேயே.

"அங்க என்னலே குளிப்பாட்டிட்டு இருக்கிய!" என்று கீழேயிருந்து சௌந்தரபாண்டியன் கத்தினார்.

கூட்டத்தில் ஒரு விவரக்காரர் பக்கத்தாளுக்கு விளக்கினார். "இது புதுசா வந்திருக்கு டிப்பார்ட்மெண்டுல. எறங்குமுன்ன சூட்டத் தணிக்கணும்."

"அது சரி, என்னமோ கேள்வியும் கேட்டாவளே?"

"மூளை சரியா இருக்கான்னு பாக்கதுக்கு."

ரத்தினம் டிரைவர். வண்டியை விட்டு இறங்கக் கூடாதவன். அவன் வந்து கயிற்றின் முன்முனையைக் கையில் வாங்கினான். "நான் பிடிச்சிருக்கேன் மாப்ளே. கீழ போயி என்ன தோணுதோ கத்து. வாய மூடிட்டு மட்டும் இருக்காத."

தனுஷ்கோடி இறங்கினான். கத்திக்கொண்டேதான் இறங்கினான். "கல்லு! பாசி! பல்லி! ஒண்ணுமில்ல!" என்று ஒவ்வொன்றுக்கும் மேலேயிருந்து ரத்தினம் "சரி! சரி!" என்றான். குழாயை எட்டியதும் குனிந்து, சௌந்தரபாண்டியனைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுபோனான். அவர் பிடி விட்டு, ஒரு கையால் அவன் தோளைப் பற்றினார்.

தனுஷ்கோடி அலறினான். அவன் அலறியதைக் கேட்டு சௌந்தரபாண்டியனும் அலறினார்.

மேலே கூட்டம் உறைந்தது. ரத்தினம் மட்டும் கயிற்றைத் தளரவிடாமல் சொன்னான். "ரெண்டு சத்தம் கேக்கு. ரெண்டு பேரும் இருக்காவ."

கீழே அந்தக் கை சூடாக இருந்தது. நகம் வளர்ந்து, சட்டையைத் தாண்டிக் குத்தியது. நடுங்கியது.

"மன்னிச்சுக்கடே, தெரியாமப் பிடிச்சுட்டேன்" என்று எடுக்கப் பார்த்தார் சௌந்தரபாண்டியன்.

"எடுக்காதிய. அப்படியே வச்சுக்கிடுங்க" என்றான் தனுஷ்கோடி.

மேலே வந்து சேர்ந்ததும் வழக்கம்போல டீ வந்தது, முறுக்கு வந்தது. தனுஷ்கோடி முறுக்கை வாங்கி சௌந்தரபாண்டியன் கையில் கொடுத்தான். டீ டம்ளரைப் பிடிக்கப் போனான், பாதி சிந்தியது.

"பாருலே, கை நடுங்குது!" என்றது கூட்டம்.

"ஆமா, நடுங்குது. அதுக்கென்ன?" என்று ரத்தினம் டம்ளரை வாங்கி அவன் வாயில் வைத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், டீக்கடை வாசலில் வெள்ளைச் சட்டையோடு வந்து சேர்ந்தார்கள். ஞானபாக்கியம் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இனி ஒரு மாமனுக்கும் பிள்ள கெடையாது. சளி நெஞ்சுல கட்டியிருக்கு. நீங்க பயந்ததுக்கு எம்பிள்ள மூக்குதான் கெடச்சுச்சா?"

எல்லாம் அவளுக்கும் தெரிந்திருந்தது. நாலு பேரும் வெறுங்கையோடு போய் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற பிள்ளைகள் அழுகையை மறந்து இவர்களை வேடிக்கை பார்த்தன.

"என்ன, இன்னைக்கு மொத்தமா வந்திருக்கிய. பிள்ள எங்க?" என்றாள் சண்முகத்தாய்.

"பிள்ளைக்குச் சளி" என்றான் தேவநேசன்.

"பிடிக்காம என்ன செய்யும்? சரி, முதல்ல யாரு?"

மூன்று பேரும் அதிகாரியைப் பார்த்தார்கள். பிறகு ஐயாதுரை பெல்ட் இல்லாத இடுப்பில் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். உட்கார்ந்தார். கண்ணை இறுக்கி மூடி, அருள்செல்வி மாதிரியே முகத்தை நீட்டினார்.

"எதப் பாத்துப் பயந்துச்சு?"

"பிள்ள..." என்று ஆரம்பித்தவர் கண்ணைத் திறந்தார். பின்னால் நின்ற மூன்று பேரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"பிள்ள இல்லம்மா. நான்தான்" என்றார், தெருவெல்லாம் கேட்கிற அந்த ஒரே குரலில்.